65 இன்ச் டிவி சரி, வசனம் கேட்க வேண்டாமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். 12க்கு 16 அடி ஹால். பட்ஜெட் 1.5 லட்சம். முழுத் தொகையையும் ஒரு 65 இன்ச் ஓஎல்இடி டிவியில் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் சமாச்சாரத்தை அடுத்த தீபாவளி போனஸுக்குத் தள்ளிவைக்கலாமா?

வேண்டாம். டிவியில் ஒரு படி இறங்குங்கள், கிட்டத்தட்டப் பாதிப் பணத்தை ஒலிக்கு ஒதுக்குங்கள். பாதியா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது, அதனால் காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படமும் ஒலியும் நம் வீட்டுக்குள் வரும் விதமே வேறு. படம் தொழிற்சாலையிலேயே முடிந்து வருகிறது. அந்த பேனலை எந்தச் சுவரில் மாட்டினாலும் அதே நிறம், அதே கருமை. ஜன்னல் வெளிச்சம் ஒன்றை விட்டால் உங்கள் ஹாலால் அதைப் பெரிதாகக் கெடுக்கவும் முடியாது, உயர்த்தவும் முடியாது. ஒலி ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, தரையில் மோதி, சுவரில் மோதி, சீலிங்கில் மோதி, அத்தனையும் சேர்ந்து உங்கள் காதுக்கு வரும்போதுதான் முழுமையாகிறது. கடையில் நீங்கள் வாங்குவது ஸ்பீக்கரை மட்டும்தான், ஒலி தயாராவது உங்கள் ஹாலில். அதற்கு இடம் வேண்டும், வயர் போக வழி வேண்டும், சோஃபா எங்கே என்ற யோசனை வேண்டும். டிவியை மட்டும் வாங்கி, அந்த அளவுக்கு ஆசாரியிடம் சொல்லி அழகாக ஒரு யூனிட்டும் செய்துவிட்டு, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் வைக்க ஆறு அங்குல உயரம்கூட இருக்காது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன வீடுகளில் நான் போய்ப் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

இன்னொன்று நம் வீடுகளில் நடக்கிறது, கவனித்திருப்பீர்கள். தமிழ்ப் படத்தை, தமிழ் மட்டுமே பேசுகிற வீட்டில், ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறோம். மொழி தெரியாமல் இல்லை, வசனம் காதில் விழவில்லை. கேட்டால் "இப்போ வர்ற நடிகருங்க எல்லாம் முணுமுணுக்கிறாங்க" என்று பழியை அவர்கள் மேல் போடுகிறோம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம், ஆனால் அதே படத்தை நல்ல தியேட்டரில் பார்த்தபோது யாருக்கும் சப்டைட்டில் தேவைப்படவில்லையே.

எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். அப்பாவுக்கு 72 வயது. இரண்டு வருஷமாகப் படம் போட்டால் பத்து நிமிஷத்தில் எழுந்து உள்ளே போய்விடுவார். "கேக்குதுப்பா, என்ன சொல்றான்னுதான் புரியல" என்பார். காது மருத்துவரிடம் காட்டினோம், வயதுக்கு ஏற்ற தேய்மானம்தான் என்றார். அதுவரை ஹாலில் டிவியின் சொந்த ஸ்பீக்கர்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் ஸ்பீக்கர் அமைத்துக் கொடுத்த நான் என் வீட்டு ஹாலை அப்படியே விட்டிருந்தேன், அது இன்னமும் எனக்கு வருத்தம். பிறகு முன்னால் மூன்று ஸ்பீக்கர் வைத்தேன், இடது, வலது, நடுவில் வசனத்துக்கென்று ஒன்று. அன்றைக்கு அப்பா முழுப்படமும் உட்கார்ந்து பார்த்தார். நடுவில் ஒரு தடவைகூட என்னிடம் திரும்பி "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை. வால்யூம் முன்பு வைத்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. டிவி அதே பழைய டிவி.

இதன் காரணம் எளிமையானது. பேச்சில் சத்தம் அதிகம் இருப்பது உயிரொலிகளில், ஆ, ஓ, ஏ என்று நீள்கிற பகுதியில். அதன் ஆற்றல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 1000 அதிர்வுக்கு, கீழே. ஆனால் என்ன சொல் என்று நமக்குப் பிரித்துக் காட்டுவது மெய்யொலிகள். அவை சத்தத்தில் சன்னமானவை, கணநேரம்தான் இருக்கும், அவற்றை அடையாளம் காட்டும் விவரம் அதிகமும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே, 5000, 6000 வரை பரவிக் கிடக்கிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல் பகுதியைத்தான். அதனால்தான் பெரியவர்களுக்கு "கேட்கிறது, புரியவில்லை." தமிழில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை, ஏனென்றால் நம் மொழியில் கடைசி எழுத்துதான் பல சமயம் கதையைச் சொல்கிறது. வந்தான், வந்தாள், வந்தால், மூன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு மெய்தான் வித்தியாசம். அது மங்கினால் யார் வந்தது, வந்ததா இல்லையா என்பதே போய்விடும்.

சரி, டிவி ஸ்பீக்கரில் அது ஏன் மங்குகிறது? பழைய பிக்சர் டியூப் டிவிகளை நினைத்துப் பாருங்கள், டயனோரா, சாலிடேர் காலத்துப் பெட்டிகள். பின்னால் அத்தனை ஆழம், முன்னால் பார்த்தபடி ஸ்பீக்கர். படம் இன்றைய கண்ணுக்கு மோசம்தான், ஆனால் செய்தி வாசிப்பவர் சொல்வது அடுக்களை வரை தெளிவாகக் கேட்டது. இன்றைய டிவி இரண்டு விரல் கனம்கூட இல்லை. உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். நடிகர் உங்களைப் பார்த்துப் பேசுகிறார், அவர் குரல் டிவி ஸ்டாண்டைப் பார்த்துப் பேசுகிறது. மேல் அலைவரிசை ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி, நேராகப் போகும், வளைந்து வராது. அந்த மெய்யெழுத்துகள் கீழே மரப்பலகையில் பட்டு, சிதறி, பலவீனமாக வந்து சேர்கின்றன.

அதோடு முடியவில்லை. இன்று ஓடிடியில் வரும் படங்கள் பெரும்பாலும் 5.1 (ஐந்து சேனல், அதோடு பேஸுக்கென்று ஒன்று) அல்லது அதற்கு மேல் கலக்கப்பட்டவை. வசனத்தில் பெரும்பகுதி நடுச் சேனலில் தனியாக இருக்கும். டிவியிடம் இரண்டே ஸ்பீக்கர், எனவே நடுச் சேனலை இரண்டாகப் பிரித்து, மழை, வண்டிச் சத்தம், பின்னணி இசை எல்லாவற்றோடும் கலந்து அதே குட்டி ஸ்பீக்கருக்குள் திணிக்கிறது. ".1" என்று சொல்கிற அந்த பேஸ் சேனலை, அதாவது அடித்தளச் சேனலைப் பெரும்பாலும் அப்படியே கைவிட்டுவிடும். ஒலிக்கலவை செய்தவர் தனித்தனியாக எடுத்து வைத்த பண்டங்களை ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறிச் சாப்பிடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் சத்த வித்தியாசம். நெட்ஃபிளிக்ஸ் தனக்கு வரும் படங்களுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது, பதிவு தாங்கும் உச்ச அளவைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால் வசனத்தின் சராசரி மைனஸ் 27 டெசிபல் அருகில் இருக்க வேண்டும், உச்சச் சத்தம் மைனஸ் 2-ஐத் தாண்டக்கூடாது. இடையில் 25 டெசிபல். கேட்க சின்ன எண்ணாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு சக்தி வேண்டும், 25 டெசிபல் என்றால் 300 மடங்குக்கு மேல். வசனத்துக்கு 0.1 வாட் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே வால்யூமில் வெடிகுண்டு வெடிக்க 30 வாட் கேட்கும். பெரும்பாலான டிவிகளில் இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்தே 20 வாட்தான். நீங்கள் வசனத்துக்காக வால்யூமை ஏற்றுகிறீர்கள், சண்டை வந்ததும் கரகரவென்று கத்துகிறது, பதறி இறக்குகிறீர்கள், மறுபடி வசனம் காணோம். படம் முழுக்க ரிமோட் கையை விட்டு இறங்காது. நல்ல ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் அதிகமாகும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நடப்பது நேர் எதிர். வசனம் குறைந்த வால்யூமிலேயே புரிந்துவிடுவதால் மொத்தமாகவே தாழ்த்தி வைக்க முடிகிறது.

அடித்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை வெறும் "டம் டம்" என்று நினைக்கிறார்கள். அலைவரிசை பாதியாகக் குறையக் குறைய, அதே அளவு சத்தத்துக்கு ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 160 ஹெர்ட்ஸில் ஓரளவு பேசுகிற ஸ்பீக்கர், 40 ஹெர்ட்ஸில் அதே சத்தம் தர வேண்டுமானால் 16 மடங்கு தள்ளியாக வேண்டும். தீப்பெட்டி ஸ்பீக்கரால் அது எந்த மென்பொருள் வித்தையாலும் நடக்காது, இது இயற்பியல். அந்த 40 ஹெர்ட்ஸ் வெடிக்கு மட்டும் இல்லை. யானையின் காலடி, தூரத்து இடி, பெரிய மண்டபத்துக்குள் நுழையும்போது நம்மைச் சூழ்கிற அந்த மெல்லிய அதிர்வு, இதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாதபோது திரையில் யானை அத்தனை பெரிதாக இருந்தும் எடையில்லாமல் நடக்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. நாம் கண்ணால் பார்ப்பதாக நினைக்கிற பலவற்றைக் காதுதான் தீர்மானிக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஷாம்ஸ், கமிட்டானி, ஷிமோஜோ என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். திரையில் ஒரு வெளிச்சம் ஒரே ஒரு முறை மின்னும், அதோடு "பீப்" சத்தம் இரண்டு முறை வரும். பார்த்தவர்கள் வெளிச்சம் இரண்டு முறை மின்னியதாகவே கண்டார்கள். காதில் விழுந்தது கண்ணில் தெரிவதையே மாற்றிவிட்டது. சினிமாக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். ஒரு குத்துச் சண்டைக் காட்சியில் கை முகத்தில் படுவதே இல்லை, பட்டதாக நம்மை நம்பவைப்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்த சத்தம். பேய்ப் படத்தை மியூட் பண்ணிப் பாருங்கள், பத்து வயதுப் பையன்கூடப் பயப்பட மாட்டான்.

ஆனால் ஒலியை மட்டும் வைத்துப் படம் பார்த்த தலைமுறை நம்மிடம் இருந்தது. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு படத்தைக் காதால் ஓட்டுவார்கள், வேலை அப்படியே நிற்க எங்கள் பாட்டி அழுதுகொண்டே கேட்பார். கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி கதைவசன ரெக்கார்டு போடுவார்கள், படத்தையே பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடம். 1990-களின் நடுவில் தியேட்டர்களுக்கு டால்பியும் டிடிஎஸ்ஸும் வந்தபோது என்ன நடந்தது? போஸ்டரில் "டிடிஎஸ்" என்று தனியாகப் பெரிதாக அச்சடித்தார்கள், அதைப் பார்த்து பஸ் ஏறிப் பக்கத்து ஊர்த் தியேட்டருக்குப் போனோம். "அந்தத் தியேட்டர்ல சவுண்டு நல்லா இருக்கும்" என்று சொல்லி டிக்கெட் எடுக்கிற கூட்டம் இன்றைக்கும் இருக்கிறது. இப்படிப்பட்ட நாம் வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் இன்ச்சை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

இனி உங்கள் 65 இன்ச் கணக்குக்கு வருகிறேன். உங்கள் ஹாலில் சோஃபாவிலிருந்து டிவி வரை எப்படியும் 11 அடி வரும். நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும் என்பது பொதுவான கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் 65 இன்ச் திரையில் பழைய 1080 ஃபுல் எச்டியின் புள்ளிகளே எட்டரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியாது. 11 அடியில் உட்கார்ந்துகொண்டு 4கே-யின் கூடுதல் நுணுக்கத்துக்குக் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி உங்கள் கண்ணை வந்து சேரவே சேராது. ஓஎல்இடியின் கருமை உண்மையிலேயே அழகு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், பிரகாசமான இடங்களை இன்னும் ஒளிரக் காட்டுகிற எச்டிஆர் பளிச்சும் எந்தத் தூரத்திலும் தெரியும். ஆனால் அந்தக் கருமை இருட்டறையில்தான் முழுசாகத் தெரியும். பகலில் ஜன்னல் திறந்திருக்கிற ஹாலில், சாயங்காலம் டியூப்லைட் எரிய சீரியல் ஓடுகிற ஹாலில், நல்ல எல்இடி டிவிக்கும் அதற்கும் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும்.

இணையத்தில் வரும் தரவைப் பார்த்தாலும் இதே கதை. 4கே பார்க்க 15 மெகாபிட் வேக இணைப்பு வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. அதே படத்தின் அட்மாஸ் ஒலிக்கு, அதாவது தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற டால்பி முறைக்கு, அதிகபட்சம் 768 கிலோபிட், இருபதில் ஒரு பங்கு. அந்தச் சின்னப் பங்கு ஏற்கெனவே உங்கள் வீட்டு வாசல் வரை வந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்கும் சேர்த்தே சந்தா கட்டுகிறீர்கள். உள்ளே கூப்பிட ஆள் இல்லாததால் திரும்பிப் போகிறது.

இப்போது ஹால். எதையும் வாங்குவதற்கு முன்னால், ஃபேனை நிறுத்திவிட்டு நடு ஹாலில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். "டப்" என்று நின்றால் நல்லது. "டர்ர்ங்" என்று கம்பி அதிர்கிற மாதிரி ஒரு வால் வந்தால், நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் வரும், உங்கள் முதல் எதிரி அதுதான். சிமென்ட் பூச்சுச் சுவர், விட்ரிஃபைடு டைல்ஸ், கண்ணாடி ஜன்னல், கான்கிரீட் சீலிங், இவை எல்லாம் தங்கள் மேல் படும் ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறுகிறது, எத்தனை விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அங்கே தோற்றுப்போகும். இதற்கு ஸ்டூடியோ மாதிரி நுரைப் பலகை ஒட்ட வேண்டியதில்லை. சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தரையில் தடித்த கார்பெட், அல்லது பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையை மடிப்பு நிறைய வருகிற மாதிரி, ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணியில் தைத்துப் போடுங்கள். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் மிக நல்லது, ஒழுங்கில்லாமல் முன்னும் பின்னுமாக நிற்கிற புத்தகங்கள் ஒலியைச் சிதறடிக்கும். தோல் சோஃபாவைவிடத் துணி சோஃபா மேல். இதற்கெல்லாம் ஆகிற செலவு சில ஆயிரங்கள், கிடைக்கிற தெளிவு அடுத்த நிலை ஸ்பீக்கர் வாங்கினாலும் கிடைக்காது.

கார்பெட்டும் திரைச்சீலையும் அடித்தளத்தைத் தொடாது, அது வேறு கணக்கு. உங்கள் 16 அடி நீளத்தில் 35 ஹெர்ட்ஸ் அருகே ஒரு ஒலி சுவருக்குச் சுவர் அப்படியே பொருந்தி நிற்கும், 12 அடி அகலத்தில் 47 அருகே, சீலிங் 10 அடி என்றால் 56 அருகே. இந்த இடங்களில் அறையே பிடித்துக்கொண்டு ஊதும். சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அது உச்சத்தில் இருக்கும், சரியாக அறை நடுவில் இருப்பவருக்கு 35 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்டக் காணாமலே போகும். நம் ஆட்கள் சோஃபாவை எப்போதும் பின்சுவரோடு ஒட்டித்தான் போடுவார்கள், அடித்தளத்துக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான வூஃபரை மூலையில் ஷோகேஸ் பக்கத்தில் ஒளித்து வைப்பார்கள், அப்புறம் "பேஸ் ஒரே கொழகொழன்னு இருக்கு" என்பார்கள். சோஃபாவைச் சுவரிலிருந்து இரண்டு அடியாவது முன்னால் இழுங்கள். வூஃபருக்கு இடம் பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது, விசித்திரமாகத் தெரிந்தாலும் இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோஃபா மேலேயே வையுங்கள், அடித்தளம் மேலும் கீழும் போய்வருகிற ஒரு பாட்டை ஓடவிடுங்கள், பிறகு சுவரோரமாகத் தரையில் தவழ்ந்தபடி, காதை வூஃபர் நிற்கப்போகும் உயரத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே வூஃபரை வையுங்கள், சோஃபாவில் உட்கார்ந்தால் அதே சமம் உங்களுக்குக் கிடைக்கும்.

வாங்கும் வரிசை. 5.1 ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆறு சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்காதீர்கள். அதே பணத்துக்கு முன்பக்கம் மூன்று நல்ல ஸ்பீக்கர், ஒரு வூஃபர், அவற்றை இயக்க ஓர் ஏவி ரிசீவர், இதோடு தொடங்குங்கள். மூன்றில் நடு ஸ்பீக்கரான சென்டருக்குத்தான் முதல் மரியாதை, முடிந்தால் இடது வலதின் அதே தொடரிலிருந்து எடுங்கள், குரல் திரையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகரும்போது ஆள் மாறின மாதிரி ஆகாது. அதை ஷெல்ஃபுக்குள் ஆழத் தள்ளாமல் விளிம்புக்குக் கொண்டுவந்து, காதைப் பார்க்கிற மாதிரி சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். பக்கவாட்டு ஸ்பீக்கர்களை அந்தத் தீபாவளி போனஸில் வாங்கிக்கொள்ளலாம், அது காத்திருக்கும். வயரை மட்டும் இப்போதே இழுத்துவிடுங்கள். ஹாலில் இத்தனை பெட்டி கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொன்னால் சவுண்ட்பார்தான், அதில் சண்டை வேண்டாம், ஆனால் தனி வூஃபரும் நடுச் சேனலும் உள்ள 3.1 ஆகப் பாருங்கள், 2.1 வேண்டாம். அட்டையில் எத்தனை ஆயிரம் வாட் பிஎம்பிஓ என்று போட்டிருந்தாலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்கிற ஆர்எம்எஸ் என்ன என்று கேளுங்கள்.

இணைப்பில் ஒரு தவறு கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். ரிசீவரோ சவுண்ட்பாரோ வாங்கி, எச்டிஎம்ஐ கேபிளை, டிவியின் ஒலியை வெளியே அனுப்புகிற, ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில் சரியாகச் செருகியிருப்பார்கள், ஆனால் டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் "பிசிஎம்" என்றே இருக்கும். சாதாரண ஏஆர்சியில் அப்படி விட்டால் இரண்டு சேனல்தான் போகும், மற்ற சேனல்கள் தனியாக வந்து சேராது. அதை "ஆட்டோ" அல்லது "பாஸ்த்ரூ" என்று மாற்றுங்கள். படத்தின் ஆடியோ பட்டியலிலும் ஒருமுறை பாருங்கள், சில படங்களில் தமிழ் டப்பிங் ஸ்டீரியோவாகவும் மூல மொழி மட்டும் 5.1 ஆகவும் இருக்கும். உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி தெரிந்தால் ரிசீவரில் தாமத அமைப்பு இருக்கிறது. ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினால் 125 வரை கவனிக்க மாட்டோம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவீடு. அதனால் சந்தேகம் வந்தால் கொஞ்சம் தாமதிக்கும் பக்கமே வையுங்கள்.

ஸ்பீக்கர் வயரில் சிவப்பும் கறுப்பும். ஒரு உறவினர் வீட்டில் ஆள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன செட், மூன்று மாதமாகப் பாட்டு உயிரே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, ரிசீவரையே மாற்றுவதற்குப் பணம் எடுத்து வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் இடது ஸ்பீக்கரில் இரண்டு வயரும் மாறியிருந்தன. ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது, அடித்தளம் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது, பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இரண்டு நிமிஷ வேலை. வயர் விலையைப் பற்றி ஒரே வரி, 14 அல்லது 16 கேஜ் செம்பு வயர் போதும், மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

அட்மாஸுக்கு சீலிங் ஸ்பீக்கர் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புது வீடு கட்டுகிறவராக இருந்தால் ஃபால்ஸ் சீலிங் போடும்போதே வயர் விட்டு வையுங்கள் என்பேன். இருக்கிற ஹாலில், இந்த பட்ஜெட்டில், அது கடைசி. தரையில் நிற்கும் மூன்றும் சரியாக இல்லாமல் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறந்து பிரயோஜனமில்லை. நீங்கள் இருப்பது அடுக்குமாடி என்றால் வூஃபருக்குக் கீழே தடித்த ரப்பர் பட்டைகளைக் கொடுங்கள், அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்குவது குறையும், காற்று வழியாகப் போவது குறையாது, அதனால் இரவில் ரிசீவரின் "நைட் மோட்" போட்டுக்கொள்ளுங்கள். அது வெடியைத் தாழ்த்தி வசனத்தை அப்படியே விடும்.

கடைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். டெமோ என்று அவர்கள் போடுவது எப்போதும் வெடியும் கார் துரத்தலும்தான், அதில் எந்த ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிற மாதிரியே தோன்றும். உங்கள் பென்டிரைவில் ஒரு தமிழ்ப் படத்திலிருந்து அமைதியான காட்சி ஒன்றை எடுத்துப் போங்கள், இரண்டு பேர் மெதுவாகப் பேச வேண்டும், பின்னணியில் மழையோ தெருச் சத்தமோ இருக்க வேண்டும். கடையில் ஃபேன் ஓடட்டும், ஏசியை நிறுத்தச் சொல்லாதீர்கள், வீட்டிலும் அவை ஓடத்தான் போகின்றன. வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், படத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, காட்சி முடிந்ததும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். எந்த ஸ்பீக்கரில் அவர் தயங்காமல் சொல்கிறாரோ அதற்கு பில் போடச் சொல்லிவிட்டு, மீதிப் பணத்தோடு டிவி பக்கம் போங்கள்.